இஸ்திரி போட்ட நோட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், என் வலது முட்டி மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகும் தனிக் கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அவசரத்தில் இருப்பாய், எனக்குப் பாதியிலேயே குரல் ஏறும், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. இங்கே ஒன்பது நாளாக விடாத மழை. பால்கனிக் கதவு ஊறிப்போய் தோளால் இடித்தால்தான் திறக்கிறது. மாடி வீட்டுத் தையல்காரர் துணி காயாமல் என்னிடம் வந்து புலம்புகிறார், ஏதோ நான் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பாவம், ஊரில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இன்னமும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். ஆறு வருடம் கழித்து வருகிறோம், பன்னிரண்டு நாள் இருப்போம் என்ற வரி வரைக்கும் அவள் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அடுத்த வரியில், ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் ரூம் போட்டாச்சு, வீடு சின்னது, ஒரே பாத்ரூம், அப்பாவுக்கு வேற முட்டி சரியில்ல, உங்களுக்கு எதுக்கு சிரமம் என்று எழுதியிருந்தாய். என்றாவது வரும் குட்டிக்கென்று உன் அம்மா முயல் படம் போட்ட இரண்டு தலையணை வாங்கி வைத்திருந்தாள். அவ சொல்றதும் சரிதானே என்று சொல்லிவிட்டு, அவற்றை எடுத்துப் பரண்மேல் வைக்கச் சொன்னாள். அன்று சாயங்காலம் பூராவும் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் பரணில் இடம் பண்ணும்போது அந்தப் பழைய பச்சை முதுகுப் பை என் தலையில் விழுந்தது. அதற்குள்ளே உன் நோட்டு இருந்தது. அதைப் பார்த்த பிறகு உன்மேல் வருத்தப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்று புரிந்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஒன்பது வயது அப்போது. நான் ஆயுசில் எடுத்த ஒரே நீண்ட லீவு அது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப் பாதையில் ஐந்து நாள் நடப்பது என்று திட்டம். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று அடித்துச் சொன்னவன் நான். இரண்டாம் நாள் காலையில் பிடித்த மழை, என்னை மட்டும் பழிவாங்க வந்தது போலக் கொட்டியது. பொழுது முழுக்க தண்ணியில நிக்கிற மனுஷனுக்கு மழை எப்ப வரும்னு தெரியலயே என்று உன் அம்மா வழியெல்லாம் வாரிக்கொண்டே வந்தாள். தங்கலாம் என்று நினைத்திருந்த விடுதியில் கூரை ஒழுகுகிறது என்று பூட்டுப் போட்டிருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு இஸ்திரிக் கடையின் தகர இறக்கத்துக்கு அடியில் மூன்று பேரும் ஒடுங்கிக்கொண்டு நின்றோம், உன் பல் தந்தியடித்தது. உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டி, அங்க நின்னா சாரல் அடிக்கும், உள்ள வாங்க என்றார். இல்லீங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம் என்றேன் நான். என் வாயில் வந்த முதல் வார்த்தையே அதுதான். நீ எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டாய்.

முன்னால் கடை, பின்னால் ஒரு அறை, அதை ஒட்டி அடுப்படி, அவ்வளவுதான் அந்த வீடு. மின்சாரம் நின்றுபோயிருந்ததால் கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்திருந்தார், அந்தக் கணகணப்பில் உட்கார்ந்ததும் எனக்கு உயிர் வந்தது. அவர் மனைவி உனக்குத் தன் நைட்டியை மாட்டிவிட்டாள், அது உனக்குக் கணுக்கால் வரை வந்தது, சாமியார் மாதிரி இருக்கேன் என்று சிரித்தாய். எங்கள் மூன்று பைகளையும் அவர் தரையில் கொட்டினார். சட்டை, சாக்ஸ், என் வரைபடம், ஒன்று விடாமல் தேய்த்துக் காயவைத்தார். கடைசியில் உன் படம் வரையும் நோட்டு வந்தது. நனைந்து தடித்த ரொட்டி மாதிரி இருந்தது, போகட்டும், வேற வாங்கிக்கலாம் என்றேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே மெல்லிய துணி விரித்து, பெட்டியை ஒரே ஒரு தடவை ஓட்டி, அடுத்த பக்கம் திருப்பி, இப்படி அறுபது பக்கம். நீ பக்கத்தில் நின்று, இது பாலம், இது எங்க ஸ்கூல் பஸ் என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தபடி தேய்த்ததில் ஒரு பக்கத்தில் துணி விலகிவிட்டது. கண்ணு, மாமா உன் நாய்க்கு சூடு வெச்சிட்டேனே என்று பதறிப்போனார். நீ பரவால்ல மாமா, இப்பதான் அது பழுப்பு நாய் ஆச்சு என்றாய். அந்தப் பழுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் கடையில் படுத்தார்கள், மனைவி இஸ்திரி மேஜைக்குக் கீழே, அவர் மேஜைமேல். காலையில் பார்த்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ, மேஜைமேல படுத்தா முதுகு சுருக்கமெல்லாம் போயிடும் சார் என்று சோம்பல் முறித்தார். அவித்த உருளைக்கிழங்கும் டீயும் வந்தபோது மறுபடி நான் ஆரம்பித்தேன். உடனே அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சார், நேத்துலேர்ந்து எட்டு தடவ சிரமம் சிரமம்னு சொல்லிட்டீங்க, இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நிஜமாவே சிரமமா இருக்கும் என்றாள். உன் அம்மா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. இன்றைக்கும் நான் யாரிடமாவது குழைந்தால் எட்டு என்பாள், அவ்வளவுதான், நான் வாயை மூடிக்கொள்வேன்.

அங்கே போன மூன்றாம் நாள் மழை விட்டது. பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நீ அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா என்று கேட்டாய். அவள் முகத்தை நான் பார்த்தேன். பிள்ளை இல்லாத வீடு அது. இருடா கண்ணு, எத்தன நாள் வேணா இரு என்று சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. நான்தான் ஏதோ மானம் போன மாதிரி உன்னை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைப் படி இறங்கியதும் உன்னை நிறுத்தி, வாய் விட்டுக் கேட்டு இன்னொருத்தர் வீட்ல தங்கறது அசிங்கம், யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, புரிஞ்சுதா என்று அதட்டினேன். நீ அழவில்லை. சரிப்பா என்று தலையாட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தாய். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கார்டு வந்தது, பாப்பா எப்ப வரா என்று கேட்டு. போகலாம் போகலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பின்னால் ஒரு தடவை எழுதியதற்குப் பதில் வரவில்லை, இப்போது அந்தக் கடை இருக்கிறதோ இல்லையோ.

நோட்டை நேற்றுத்தான் முழுக்கப் பார்த்தேன். இஸ்திரி போட்ட அந்தப் பழைய படங்களுக்குப் பிறகு ஒரே ஒரு பக்கத்தில்தான் பென்சில் பட்டிருக்கிறது. அதில் படம் இல்லை. அப்பா சொன்னது சரி, நான் கேட்டிருக்கக் கூடாது, இனிமேல் யாரிடமும் கேட்க மாட்டேன் என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருக்கிறாய். அம்மாடி, இருபத்தேழு வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டாயே. சித்தப்பா வீட்டில் சாப்பாடு போடுவதற்கு முன்னாலேயே வேண்டாம் என்பாய். காலேஜில் காய்ச்சலோடு நாலு நாள் கிடந்ததை எல்லாம் சரியான பிறகு சொன்னாய். பிரசவத்துக்குக் கூட அம்மாவை வா என்று நீ கூப்பிடவில்லை, குழந்தை பிறந்து படம்தான் வந்தது. நானும் என் பொண்ணு யாரையும் எதுக்கும் கேக்க மாட்டா என்று பம்ப் ஹவுஸில் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையெல்லாம் இப்போது எனக்குக் கசக்கிறது. அன்றைக்கு அப்பா சொன்னது தப்பு. உன்னிடம் சொன்னது தப்பு, அந்த அம்மாள் காது கேட்கும் தூரத்தில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

அதனால் அந்த ஹோட்டல் ரூமை ரத்து செய். உள்ளறை உங்கள் மூன்று பேருக்கு, முன்னறைக் கட்டில் அம்மாவுக்கு, எனக்குச் சாப்பாட்டு மேஜை இருக்கிறது. இந்த முட்டியோட மேஜைமேல எப்படி ஏறுவாராம், கேட்டுச் சொல்லு என்று உன் அம்மா இதோ தோளுக்குப் பின்னால் நின்று கேலி செய்கிறாள். தலையணைகளைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது, ஒன்றில் முயலுக்குக் காது கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கலாம், கதவைத் தட்டிச் சண்டை போடலாம், இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகிறது. குட்டிக்கு மழைக் கோட்டு மறக்காமல் எடுத்துவா, வானத்தை நம்பாதே, முக்கியமாக வானத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, குட்டிக்கு முத்தம், நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசி எப்போதும் உண்டு. எனக்காக ஒன்றே ஒன்று செய்ய வேண்டும் நீ. பன்னிரண்டாவது நாள் பெட்டியைக் கட்டும்போது, அப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா என்று என்னைக் கேள். லீவு இல்லாவிட்டால் பரவாயில்லை, கிளம்பிப் போ. ஆனால் ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
நீ கொடுக்கப்போகும் சிரமத்துக்காகக் காத்திருக்கும்
அப்பா