வாயை மூடு, குசுமி

பிப்ரவரி 6, வியாழன்

மறுபடியும் தோல்வி. பட்டியலில் கடைசி இடம். இனி மார்ச்சில் ஒரே ஓர் ஆட்டம். அதிலும் தோற்றால் இரண்டாம் பிரிவுக்குப் போவோம். அங்கே போன அணியை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்வதில்லை.

பயிற்சியாளர் நிஷிகோரி ஒலிப்பதிவைப் போட்டார். கணினி விளையாட்டில், திரையில் சுட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஐந்து பேரும் ஹெட்செட்டில் பேசிக்கொள்வது எல்லாம் பதிவாகும். தோமாரியின் குரல் வந்தது. அணியிலேயே சின்னவன், குறி தவறாத கை.

"குசுமி-சான், தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் வந்துட்டிருக்கார்னு நினைக்கி—"

அதற்குள் நான் செத்துவிட்டேன்.

"சுட வர்றவனுக்குமாடா மரியாதை?" என்றார் நிஷிகோரி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். தலைவன் பெருந்தன்மையோடு இருக்க வேண்டுமல்லவா.

பிப்ரவரி 7, வெள்ளி

புதுச் சட்டம். ஆட்டத்துக்குள் பெயரோடு 'சான்' என்று மரியாதை ஒட்டு கிடையாது, மன்னிப்பு கிடையாது. எல்லாரும் எல்லாரையும் வா, போ என்றுதான் பேச வேண்டும். முழு மனதோடு ஆதரித்தேன். நம்மைக் கெடுப்பதே இந்த மரியாதைதான் என்று ஒரு சிறு சொற்பொழிவு கூட ஆற்றினேன். தோமாரி எழுந்து நின்று கேட்டான்.

பிப்ரவரி 12, புதன்

பயிற்சி ஆட்டத்தில் தோமாரி முதன்முறையாக "குசுமி, போ!" என்று கத்தினான். கத்திய வேகத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என் நாற்காலியருகே ஓடிவந்து இடுப்பு வளையக் குனிந்தான். "ரொம்ப மரியாதைக் குறைவாப் பேசிட்டேன்."

அவன் குனிந்திருந்தபோதே திரையில் அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. பயிற்சி ஆட்டத்திலும் தோற்றோம். கறி ஊதோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டப்பகலில் நிஷிகோரி எங்களைக் கராஓகே அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடுவதற்கு இல்லை, திட்டுவதற்கு. ஒவ்வொருவனும் மைக்கைப் பிடித்து இன்னொருவனைத் திட்ட வேண்டும். அஜிமா என் பழைய கூட்டாளி; என் சாக்ஸ் நாற்றத்தைப் பற்றி மனமுருகிப் பேசினான்.

தோமாரி முறை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"குசுமி... உனக்கு... லேசா தொப்பை போடுது."

"தூ, இதெல்லாம் ஒரு திட்டா?" என்றான் அஜிமா. "உள்ள இருக்கிறத எடுத்து விடுடா!"

தோமாரி மெலன் சோடாவை ஒரே மடக்கில் குடித்தான்.

"நீ லேட்டு, குசுமி. நீ வழி சொல்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருது. எங்க போகணும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியுது. ஆனாலும் நீ சொல்லட்டும்னு நிக்கிறோம். நின்னுக்கிட்டே சாகுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. சுவர்த் திரையில் ஏதோ ஷாம்பு விளம்பரம் ஓடியது. நான் கைதட்டினேன். "அப்படித்தான்! நல்லா வருது!" என்றேன். வேறு என்ன செய்வது?

பிப்ரவரி 21, வெள்ளி

அவன் யாரு எனக்குச் சொல்ல? முளைச்சு மூணு இலை விடல. நான் கோப்பை வாங்கினப்போ இவன் புத்தகப் பையைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருப்பான்.

பழைய பதிவுகளை எடுத்துக் கேட்டேன். 'பொறு' என்கிறேன். 'பார்க்கலாம்' என்கிறேன். 'ம்ம்' என்கிறேன். இதை நிதானம் என்று நினைத்திருந்தேன். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. கேட்டால் — பயந்தவன் குரல் மாதிரி இருக்கிறது.

மரியாதைதான் நம்மைக் கெடுக்கிறது என்றேனே. அந்த மரியாதையில்தான் இத்தனை நாள் நான் தலைவனாக இருந்தேனா?

மார்ச் 1, சனி

நாளை ஆட்டம். நிஷிகோரி தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கும் நீயே வழி சொல்றியா, இல்ல மாத்தலாமா?"

"நானே."

"சரி," என்றார். அந்தச் 'சரி'யில் நிறைய மரியாதை இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்!

சமநிலை. கடைசிச் சுற்று. எங்களில் நான், அஜிமா, தோமாரி மட்டும் உயிரோடு. எதிரிகள் குண்டை வைத்துவிட்டார்கள். வெடிப்பதற்குள் நாங்கள் போய் அதை முடக்க வேண்டும்.

"பொறு," என்றேன். "பார்க்கலா—"

"வாயை மூடு, குசுமி! வலப்பக்கம்! எல்லாரும் ஒண்ணா! ஓடு!" என்று கத்தினான் தோமாரி.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு முன்னால் என் விரல்கள் ஓடிவிட்டன. ஓடினேன், சுட்டேன். அஜிமா விழுந்தான். தோமாரி குண்டை முடக்கினான். அரங்கமே எழுந்து கத்தியது. அவன் அழுதுகொண்டே வந்து என் முன்னால் குனிந்தான்.

"குனியாதடா, கேமரா பாக்குது," என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

போட்டியை நடத்துகிறவர்கள் எங்கள் பேச்சுப் பதிவை வெளியிட்டுவிட்டார்கள். நாடே கேட்டுவிட்டது. சொந்த ஊர் தொயாமாவிலிருந்து அப்பா போன் செய்தார்.

"யாருடா அந்தப் பய? சின்னவன் பெரியவன் இல்லாம உன்ன இப்படிப் பேசுறான்?"

"எங்க தலைவர்ப்பா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

மார்ச் 14, வெள்ளி

'வாயை மூடு, குசுமி' என்று துண்டில் அச்சடித்து நிறுவனம் விற்கிறது. என் படம் போட்ட துண்டு ஒருநாளும் இப்படிப் போனதில்லை. ரசிகர்கள் அதில் என்னிடமே கையெழுத்துக் கேட்கிறார்கள், பவ்யமாக, இரண்டு கையாலும் நீட்டி. வாயை மூடிக்கொண்டு போட்டுக் கொடுக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

இனி தோமாரியே வழி சொல்லட்டும் என்று நிஷிகோரியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கவே இல்ல."

முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காகிதத்தில் மட்டும் நானே தலைவனாக இருக்க வேண்டுமாம். விளம்பரதாரர்களின் விருந்தில் எந்த அளவுக்குக் குனிய வேண்டும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானாம்.

ஏப்ரல் 10, வியாழன்

புதுப் பருவம், முதல் பிரிவு, முதல் ஆட்டம். முதல் ஆளாக உள்ளே நுழைவது இப்போது என் வேலை. கதவுக்கு அந்தப் பக்கம் எவன் நிற்கிறான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"குசுமி, நீ போ. செத்தாலும் பரவாயில்ல, நாங்க பின்னாடியே வர்றோம்."

போனேன். சாகவில்லை.