அணைத்த பிரேக்கரில் அடித்த மின்சாரம்

அனுப்புநர்:
இஸ்திரி போடுபவர்,
சலவைக்கூடம், பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம்.

பொருள்: பிரேக்கரை அணைத்துவிட்டு வேலை பார்த்த ஆளைக் கவனக்குறைவானவர் என்று எழுதிய அறிக்கையைத் திருத்தவும், இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை பிரேக்கர் பொருத்த உத்தரவிடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பெரிய சலவை இயந்திரத்தை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். கூடத்தில் அவருக்குப் பெயர் ‘நிதானம்’. ஆளே இல்லாத தெருவைக் கடக்கவும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கம் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று காபி ஆறும் வரை வாய் திறக்கவில்லை. ஊமை என்றே நினைத்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் உதவிப் பொறியாளர் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பது இந்த மனிதரைப் பற்றித்தான்.

2. சென்ற மாதம் காற்றில் கம்பத்துக் கம்பி அறுந்தது. உங்கள் லைன்மேன் ஏறினார், கட்டினார், இறங்கினார். விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. ஆனால் மின்சாரம் வரும் கம்பியை, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி இருந்த இடத்திலும், நியூட்ரலை மின்சாரம் வரும் கம்பி இருந்த இடத்திலும் மாற்றிக் கட்டியிருக்கிறார். இரண்டே கம்பிகள் ஐயா. இருபது இருந்திருந்தால் நானே அவரை மன்னித்திருப்பேன்.

3. எங்கள் சுவிட்சுப் பலகையில் இருப்பது ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் பிரேக்கர். கம்பி இடம் மாறியதால் அது நியூட்ரலைத்தான் துண்டித்தது. மோட்டார் நின்றது, மோட்டாருக்குள் மின்சாரம் நிற்கவில்லை. மறுநாள் காலை நிதானம் வழக்கம்போல பிரேக்கரை அணைத்தார், டிரம் நிற்கும் வரை காத்திருந்தார், “அணைச்சாச்சு மச்சான், பெல்ட்ட மாத்திடுறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்து மோட்டாரில் கை வைத்தார். மின்சாரம் தூக்கி அடித்தது. பிழைத்தார். வலது கையில் மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. சட்டைப் பொத்தானைத் தங்கைதான் போட்டுவிடுகிறாள்.

4. விசாரிக்க வந்த உதவிப் பொறியாளர், தரை ஈரம் என்று வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றார். பிறகு பிரேக்கரை இரண்டு முறை ஏற்றி இறக்கி, “நல்லாத்தானே வேலை செய்யுது” என்றார். பக்கத்து மரப்பட்டறை எலக்ட்ரீஷியன் பிரேக்கரை அணைத்துவிட்டு மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டரை மோட்டார் முனையில் வைத்துக் காட்டினார். எரிந்தது.

“டெஸ்டர் கெட்டுப்போச்சு” என்றார் உங்கள் அதிகாரி. வேறு டெஸ்டர் வந்தது. அதுவும் எரிந்தது. “இதுவும் கெட்டுப்போச்சுப்பா.” மூன்றாவது அவருடைய சொந்த டெஸ்டர். அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“சார், ரெண்டையும் சேத்து வெட்டுற பிரேக்கர் போட்டிருந்தா, கம்பத்துல எவன் எப்படி மாத்திக் கட்டினாலும் உள்ள கரண்ட் இருக்காதுல்ல?” என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். “நீ படிச்சியா, நான் படிச்சேனா?” என்பது பதில். நான் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. எரிகிற விளக்கைக் கெட்டுப்போனது என்று சொல்ல எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

5. அந்த அறிக்கையைக் காட்டி, ‘கவனமில்லாத ஆள் வேண்டாம்’ என்று முதலாளி நிதானத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தவறு ஆள்மீது என்று அரசாங்கமே எழுதிய பின் பிரேக்கரை மாற்ற அவருக்கு என்ன அவசரம்? கம்பத்துக் கம்பியும் மாறியபடியே இருக்கிறது. அடுப்பு எரிய வேண்டுமே என்று, வரும் திங்கட்கிழமை முதல் அதே இயந்திரத்தில் என் தங்கை நிற்கிறாள். பெல்ட் மாற்றும் முன் அவளும் பிரேக்கரை அணைப்பாள். அணைச்சாச்சு அண்ணா என்று அவளும் சொல்வாள்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பியை நேராக்கி, இரட்டை பிரேக்கர் பொருத்தும் வரை அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் தராமல் நிறுத்திவைத்து, அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு நேரே உரியவரின் பெயரை எழுதித் தர வேண்டுகிறேன். உதவிப் பொறியாளரை மறுபடி அனுப்ப வேண்டாம். டெஸ்டர் தீர்ந்துவிட்டது.

இடம்: சலவைக்கூடம்
நாள்: வெள்ளிக்கிழமை, மாதத்தின் பதினேழாம் தேதி

இப்படிக்கு,
இஸ்திரி போடுபவர்
(இடது பெருவிரல் ரேகை)

நான் சொல்லச் சொல்ல எழுதியவர்: மேற்படி தங்கை.