பச்சைக்கு நின்ற வண்டி

மார்ச் 4, செவ்வாய்

சரக்கு வண்டியில் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா, "இன்னிக்காவது தண்ணி குறைஞ்சுதா?" என்று பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

என்ஜினில் கழிப்பறை இல்லை. வண்டி நிற்கும்போது ஆண்கள் இறங்கி மறைவாகப் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். நான் கண்டுபிடித்த வழி, குடிக்காமல் இருப்பது.

நான் படித்த நாவல்களில்தான் எத்தனை ரயில்கள்! ஒன்றிலாவது ஓட்டுபவருக்குச் சிறுநீர் முட்டியதா? எழுதியவர்கள் எல்லாரும் பெட்டியில் உட்கார்ந்து போனவர்கள் போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மறுபடியும் சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். "இப்படியே போனா கிட்னியில வந்து நிக்கும். வேலையா உடம்பான்னு நீயே முடிவு பண்ணு."

அலுவலகத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. வேண்டுமென்றால் அடுத்த வெள்ளிக்குள் சொல் என்கிறார் மேற்பார்வையாளர். அண்ணனுக்கு ஆச்சரியம்: "ஃபேனுக்கு அடியில உக்காந்து சம்பளம் வாங்கக் கசக்குதா உனக்கு?"

கசக்கத்தான் செய்கிறது.

மார்ச் 10, திங்கள்

அவமானம். எழுதினால்தான் தூக்கம் வரும்.

சிக்னல் கண்ணில் பட்டதும் அதன் நிறத்தை நான் உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் ஒன்றானால்தான் வண்டி போகும். என் ஓட்டுநருக்கு இந்த விதி ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் மனைவி "குழம்புல உப்பில்ல" என்றாலும் "உப்பில்ல" என்று திருப்பிச் சொல்வாராம். அதனால் என்ஜின் ஷெட்டில் அவருக்கு 'எதிரொலி' என்று பெயர்.

இன்று தூரத்தில் பச்சை தெரிந்தது. வாயைத் திறந்தேன். வெறும் காற்று. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு கணம் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துவிட்டார். அத்தனை நீள வண்டியும் பச்சைக்கு முன்னால் போய் நின்றது.

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை கத்தியது. "பச்சைக்கு எதுக்குய்யா நிக்கிறீங்க? தூக்கமா?"

"எங்க உதவி ஓட்டுநர் இன்னும் சொல்லல. அவங்க சொல்லாம நான் போக மாட்டேன்."

அந்தப் பாதையில் இருந்த எல்லா வண்டிக்கும் இது கேட்டிருக்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "பச்சை" என்றேன். "பச்சை" என்று வண்டியை எடுத்தார். தொண்டைக்கு என்ன என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றேன். வேறென்ன சொல்வது?

போதும். அந்த அலுவலக நாற்காலியையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

கேட்கவில்லை. அவர் சொன்ன வாக்கியம் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவருக்கும் பச்சை தெரிந்ததுதானே? என்னைக் காட்டிக்கொடுத்தார் என்று நேற்று அழுதேன். ஆனால் அவர் சொன்னது— நான் சொல்லாமல் வண்டி நகராது என்பதல்லவா? இந்த வேலையில் இதுவரை யாரும் என்னை இவ்வளவு மதித்ததில்லை.

மதித்து என்ன? உடம்பு கேட்க வேண்டுமே.

மார்ச் 13, வியாழன்

எதிரொலி பாதையை விட்டுக் கண்ணெடுக்காமல் பேசினார். காது மட்டும் சிவந்திருந்தது.

"வீட்ல எனக்குச் செம திட்டும்மா."

"எதுக்கு சார்?"

"'குரல் வரலன்னு வண்டிய நிறுத்தினீங்களே, ஏன் வரலன்னு யோசிச்சீங்களா? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொண்ணு எங்க போவா?'ன்னு கேட்டா. நெஜமா எனக்குத் தோணவே இல்லம்மா. மன்னிச்சுக்கோ."

 

எக்ஸ்பிரஸுக்கு வழிவிட நாங்கள் தினமும் ஒதுங்கி நிற்கும் சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் என்ஜினருகே வந்து ஒரு சாவியை நீட்டினார். "என் ரூமுக்குப் பின்னாடிம்மா. கழுவி விட்டாச்சு, புதுப் பூட்டு. பக்கெட்டும் இருக்கு."

"பக்கெட்டும் இருக்கு" என்றார் எதிரொலி.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் போய்விட்டிருந்தது. ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று.

"என்ஜினுக்குத் தண்ணி பிடிக்கிறோம்."

"டீசல் என்ஜினுக்கா?"

"டீசல் என்ஜினுக்குத்தான்."

மார்ச் 14, வெள்ளி

நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அம்மா பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். காலி. இன்னொரு தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

ஓட்டுநரின் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. முகம் தெரியாத ஒருத்தி அடுப்படியில் நின்று கேட்ட ஒரே கேள்வி!

ஏப்ரல் 21, திங்கள்

பரிசோதனை முடிவு சுத்தம். டாக்டரம்மா நம்பாமல் இரண்டு தடவை பார்த்தார்.

ஜூன் 2, திங்கள்

ஷெட்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நிறைந்த பாட்டில், உலர்ந்த உதடு.

"தண்ணி குடி."

"தாகமில்லக்கா."

என்னிடமிருந்த இரண்டாவது சாவியை அவள் கையில் வைத்தேன். புரியாமல் பார்த்தாள். வழியில் மூன்று ஸ்டேஷனில் நமக்கென்று பூட்டிய கழிப்பறை இருக்கிறது, மூன்றுக்கும் இந்த ஒரே சாவிதான் என்றேன். அப்படித்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று எதிரொலி கடை கடையாக ஏறி இறங்கியதைச் சொல்லவில்லை. அவளே தெரிந்துகொள்வாள்.

சாவியைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு பாட்டிலின் மூடியைத் திருகினாள்.