நாய்க்குப் போட்ட ஆட்டுத்தடி

ஒக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து தூறல். ஓடு ஒழுகும் இடங்கள்: குசினி, நடு அறை, அலுமாரிக்கு நேர் மேலே. குசினிக்குச் சட்டி வைத்தேன். நடு அறைக்கு வாளி. அலுமாரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. புத்தகங்கள் கட்டிலில், நான் பாயில்.

வீடு பெரியப்பாவினது. அவர் கனடாவில். பூட்டிக்கிடக்கிற வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. பட்டம் முடித்து, நியமனம் வராமல், லிங்கநகரில் அக்கா குடும்பத்தின் நடுவே கதிரையில் நித்திரை கொள்ளும் மகன் அம்மாவின் கவலை. அம்மா இரண்டையும் ஒன்றாக முடிந்து, பாலையூற்றுக்கும் அப்பால் இங்கே என்னை அனுப்பிவிட்டா.

வீட்டோடு வந்தவை: கிணறு. தென்னைகள். சாவி இல்லாத அலுமாரி. கறையான். ஒரு நாய்.

நாய் முன்பு வாடகைக்கு இருந்தவர்களுடையது. மட்டக்களப்புக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனார்களாம். மண்ணிறம், ஒரு காது மடிந்தது. பின்வாசலில் படுத்தபடி என்னைப் பார்க்கிறது. வாடகைக்கு வந்தவன் நான் என்பது போல.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். போனுக்குச் சிக்னல் கிணற்றடியில் மட்டும். மடிகணினியோடு அங்கே குந்தியிருந்து யாரோ ஒருவரின் ஆய்வேட்டுக்கு எழுத்துப்பிழை பார்த்தேன். தலையில் தென்னம்பூ.

பெரியப்பா வீடியோவில் வந்தார்.

"என்ன மோனே, நாய் நிக்குதோ?"

"நிக்குது."

"அது நிக்கட்டும். நாய் நிண்டாத்தான் வளவுக்குள்ள ஆள் இருக்கிற மாதிரி."

"நானும் நிக்கிறன் பெரியப்பா."

சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்திருப்பார்.

அவர் சொன்னது பொய்யுமில்லை. முதல் இரவுகளில் விளக்கை அணைக்க முடியவில்லை. இப்போது அணைக்கிறேன். பின்வாசல் கதவுக்கு அப்பால் அது மூச்சுவிடுகிறது. அது கேட்டால் நித்திரை வரும். இந்த வீட்டில் என்னை இருத்தி வைத்திருப்பது அந்த மூச்சுத்தான். யாருக்கும் சொல்லக் கூடியதல்ல.

ஒக்டோபர் 10, வெள்ளி

பக்கத்து வளவில் மெற்றில்டா அக்கா. தனியாள். மகள் கத்தாரில். ஆடு, கோழி, மாதா சுரூபம், ஓயாத ரேடியோ. வேலிக்கு மேலால் கதை.

"தம்பி, நாய்க்கு என்ன பேர் வைச்சனீங்கள்?"

"வைக்கேல்ல அக்கா. முந்தி இருந்தவை என்னெண்டு கூப்பிட்டவை?"

"ஏதோ கூப்பிட்டவை. நான் எங்க கவனிச்சன்? பேர் இல்லாமல் என்னெண்டு கூப்பிடுறது?"

"கூப்பிடாமலே வருது."

"படிச்ச ஆக்களின்ர கதை!" உள்ளே போய்விட்டா.

பெயர் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. நியமனம் வந்தால் போய்விடுவேன். பெயர் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இந்த நாய்க்கு ஏற்கெனவே தெரியும். இதை எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

வாங்க வேண்டியவை: பாண், நெருப்புப்பெட்டி, தும்புத்தடி, கறையான் மருந்து, ரின் மீன் (பாதி எனக்கு).

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்த மெ. அக்கா, கோயிலுக்குக் கட்டிய சேலையோடு அப்படியே வேலியடியில். கையில் கால் பிடித்துத் தூக்கிய பேட்டுக்கோழி. தலை தொங்கியது.

"உங்கட ஆள் செய்த வேலையைப் பாருங்கோ. முட்டை இடுறது தம்பி இது."

நாய் பின்வாசலில். வாயோரம் ஒரு இறகு. மறைக்கவும் தெரியவில்லை அதற்கு.

மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன்.

"நான் பொறுப்பன். அங்கால இருக்கிற ஆக்கள் பொறுக்க மாட்டினம். சோத்துக்குள்ள எதையாவது வைச்சுப் போடுவினம், சொல்லிப்போட்டன். கட்டிப்போடுங்கோ."

பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் கோழிக்கறி. அதே கோழி. எலும்பை நாய்க்குப் போடுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். போட்டேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

கயிற்றால் கட்டினேன். கடித்து அறுத்தது.

வேலியை அடைக்கலாம் என்று பார்த்தேன். இங்கே வேலி என்றால் கிளையை வெட்டி நடுவது. மாரி மழைக்குத் துளிர்த்து மரமாகும். எங்களுக்கும் மெ. அக்காவுக்கும் இடையில் பாதி துளிர்த்திருக்கிறது, பாதி செத்திருக்கிறது. செத்த இடமெல்லாம் நாயின் வாசல். பூவரசில் நான்கு தடி வெட்டி நட்டேன். பின்னேரத்துக்குள் சரிந்தன. உள்ளங்கையில் கொப்புளம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

சங்கிலி. நாய் சாப்பிடவில்லை. குளறல். பகல் முழுக்க. நிறுத்தும், நான் ஒரு வரி வாசிப்பேன், தொடங்கும்.

சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு விமானம் தாழ்வாகப் போனது. அதன் இரைச்சலில் மட்டும் கொஞ்சம் அமைதி.

ஒக்டோபர் 15, புதன்

"உந்தக் குளறலைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால ஏலாது தம்பி."

மெ. அக்கா படலையால் வந்தா. கையில் மூன்று தடிகள், முக்கோணமாக, ஒரு முனை மட்டும் கட்டாமல். ஆட்டின் கழுத்தில் போடுவது. வேலி இடைவெளியில் ஆடு தலையை விடும், தடி மாட்டும், திரும்பிவிடும். இங்கே எல்லா ஆடும் அதோடுதான் திரிகிறது.

"ஆட்டுக்குச் சரி. நாய்க்கு?"

"நாய்க்கும் கழுத்துத்தானே."

சங்கிலியை விட இது சுதந்திரம் என்று கூட ஒரு வாதம் செய்தேன், எனக்குள். அவ தடியைப் பிடித்தா, நான் கட்டினேன். நாய் அசையாமல் நின்றது. கழுத்து மயிர் எதிர்பார்த்ததை விட மெல்லியது. நாடித்துடிப்பு விரலில். வந்ததிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. முதலில் தொட்டது இதற்கு.

ஒக்டோபர் 17, வெள்ளி

பலிக்கிறது. வேலிக்குப் போகும், தடி இடிக்கும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பி வரும். கதவு நிலையிலும் இடிக்கிறது. குனிந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை. கிண்ணத்தைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தேன். குடித்தது.

மெ. அக்கா: "எங்கட கோயில் திருநாளுக்கு மாதாவை வைச்சுத் தூக்கிற கூடு வாற மாதிரியெல்லோ ஆடி ஆடி வருது!"

சிரித்தோம். நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

கோழிகள் நலம். நான் நலமா என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

அம்மா போனில்.

"நாளைக்கு விடிய வந்திடு. எண்ணெய் வைக்கோணும்."

"நாயை என்ன செய்யிறது?"

"நாய்க்கும் தீபாவளியோ? சோத்தை வைச்சிட்டு வாவனடா."

முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். சேர்ட் தோய்த்து விறாந்தையில் காயப் போட்டேன். காயாது.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இருள் பிரியும் நேரம், மழை விட்டிருந்தது. அங்கால் வீட்டுக்காரர் சீனவெடிக்கட்டு ஒன்றைக் கொளுத்தினார்கள். நாய் எழும்பியது. இரண்டாவது கட்டு. ஓடிவிட்டது. தடி தென்னையில் அடிபட்ட சத்தம். பிறகு சத்தம் இல்லை.

தேடிப் போனேன். வளவின் பின்பக்கம் இராணுவ முகாமின் கம்பி வேலி. அதற்கப்பால் பற்றைக்காடு. மழைநீர் அரித்த கிடங்கால் முதல் கம்பியைக் கடந்திருக்கிறது. உள்ளே இரண்டாவதாக ஒரு சுருள்கம்பி. தடி அதில் மாட்டியிருந்தது. பின்னுக்கு இழுத்தது, இறுகியது. முன்னுக்குத் தள்ளியது, இறுகியது. நான் நின்ற இடத்திலிருந்து அதன் கண் தெரிந்தது.

மஞ்சள் பலகை. உள்ளே வரத் தடை, மூன்று மொழிகளில். மூன்றையும் என்னால் வாசிக்க முடியும்.

மெ. அக்கா கத்தியோடு ஓடி வந்தா. கிடங்கில் நான் காலை வைத்ததும் சேர்ட்டைப் பிடித்து இழுத்தா.

"விசரோ? நாயை எடுக்க நீங்கள் போனால் பிறகு உங்களை எடுக்க ஆர் போறது?"

சுற்றி ரோட்டால் போய் முகாம் வாசலில் நின்றேன். காவலில் என் வயதுப் பெடியன் ஒருவன், மழைக்கோட்டோடு. என் சிங்களம் பல்கலைக்கழகக் கன்ரீனில் பொறுக்கியது: தேநீர், மன்னிக்கவும், நாளை. நாய் என்ற சொல் தெரியும். மாட்டிக்கொண்டது என்பதற்குத் தெரியவில்லை. கைகளால் என் கழுத்தைச் சுற்றி முக்கோணம் காட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை. ஆட்டைப் போலக் கத்திக் காட்டினேன். சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போல முகத்தை மாற்றினான்.

"உன்னுடைய நாயா மல்லி?" என்றான். மல்லி என்றால் தம்பி.

"அந்த வீட்டு நாய்."

"பெயர் என்ன? கிட்டப் போகும்போது பெயர் சொன்னால் கடிக்காது."

"பெயர் இல்லை."

என்னைப் பார்த்தான். தன்னால் உள்ளே விட ஏலாது, மேலே கேட்க வேண்டும், இன்று விடுமுறை, சொல்லிவிடுகிறேன் என்றான், எனக்கு விளங்கிய மட்டும். நல்லவனாகத்தான் சொன்னான்.

திரும்பிக் கம்பியடிக்கு வந்தேன். மழை. பாண் துண்டு எறிந்தேன், எட்டவில்லை. எறிந்ததெல்லாம் எனக்கும் அதற்கும் நடுவில் நனைந்து ஊறியது. ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஜிம்மி என்றேன். ரைகர். ரொமி. பிரவுணி. எந்தப் பெயருக்கும் காது அசையவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு குளறுவதையும் நிறுத்தியது.

லிங்கநகருக்குப் போகவில்லை. அம்மாவின் அழைப்புகள். எடுக்கவில்லை. இருட்டியதும் மெ. அக்கா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா.

ஒக்டோபர் 21, செவ்வாய்

விடிந்ததும் போனேன். நாய் இல்லை. சுருள்கம்பியில் மயிர். முறிந்த தடி ஒன்று, நான் போட்ட முடிச்சோடு.

வாசலில் வேறு ஒரு காவல்காரர். எந்த நாய் என்று கேட்டார். முக்கோணம் காட்டினேன். தெரியாது என்று கை விரித்தார்.

பிழை பார்த்த ஆய்வேட்டை அனுப்பினேன். அதில் எத்தனை பிழையை விட்டிருப்பேனோ.

ஒக்டோபர் 22, புதன்

பெரியப்பா: "நாய் நிக்குதோ?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு வெட்டினேன். கிணற்றடியில்தான் நின்றேன்.

ரேடியோச் சத்தம் இல்லை. மெ. அக்கா வேலியடியில்.

"நானெல்லோ அந்தத் தடியைத் தந்தனான்."

"கட்டினது நானக்கா."

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். துலைஞ்சதைக் காட்டித் தருவார்."

"நாயையும் காட்டுவாரோ?"

"ஏன், அதென்ன செருப்போ? உயிரெல்லோ."

கோழிகள் வேலி இடைவெளியால் இங்கே வந்து மேய்ந்தன. துரத்த ஆள் இல்லை. நானும் துரத்தவில்லை.

இரவு விளக்கு எரிந்தது.

ஒக்டோபர் 24, வெள்ளி

வெயில். கன நாளுக்குப் பிறகு நல்ல வெயில். மத்தியானம் கம்பியோரமாக நடந்தேன். தேடவில்லை, நடந்தேன்.

அப்பால், மரத்தடியில், அந்தப் பெடியன். சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு. பக்கத்தில் நாய். கழுத்தில் தடி இல்லை. தடி இருந்த இடம் சுற்றி வர ஊதா மருந்து. அவன் ஒரு பிடி அவனுக்கும் ஒரு பிடி அதற்குமாக.

உயிரோடு. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

என்னைக் கண்டு கை தூக்கினான். "நாய் நல்லம், மல்லி! சாப்பாடு நல்லா சாப்பிடுது!" தமிழில். அவனும் எங்கேயோ பொறுக்கியிருக்கிறான்.

கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். யோசித்தான். பிறகு கிடங்கைக் காட்டினான். சுருள்கம்பியை அந்த இடத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கூப்பிடு, வந்தால் கொண்டு போ என்றான். தானும் எழும்பித் தள்ளி நின்றான். அதை விட நியாயமாக யாரும் நடக்க முடியாது.

நாய் என்னைப் பார்த்தது. வாலை ஆட்டியது. அதையும் எழுத வேண்டும், வாலை ஆட்டியது.

வாயைத் திறந்தேன். எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

"வா," என்றேன். "இஞ்ச வா."

யாரிடமும் சொல்லக்கூடிய சொல். மடிந்த காது நிமிர்ந்தது, திரும்ப மடிந்தது. அது என் கைகளைப் பார்த்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

உள்ளே எங்கோ விசில் ஊதியது. பெடியன் பார்சலைச் சுருட்டினான். என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். இரண்டு அடி நடந்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சூட்டி!" என்றான்.

அந்தப் பெயருக்கு நாய் அவன் பின்னால் ஓடியது.

வீட்டுக்கு வந்தேன். பின்வாசலில் கிண்ணம், செங்கல் மேல், பாதி மழைத்தண்ணி. கழுவினேன். கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். செங்கல்லை எடுத்துவிட்டு, கிண்ணத்தை நிலத்தில் வைத்தேன்.