கால்விரலில் தொடங்கச் சொன்னீர்கள்

மிஸி,

இன்று காலை புது மருத்துவிச்சி வந்துபோனார். அவர் கையிலும் உங்கள் கையில் இருந்த அதே கார்போலிக் சவர்க்கார வாசம். எனக்கு மறுபடி ஏழாம் மாதம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உங்களைத் தேடி வாசலைப் பார்த்தேன். நீங்கள் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போது அடிக்கத் தொடங்கிய நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் முதன்முதல் வந்தபோதும் எனக்கு ஏழாம் மாதம்தான். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள். இரண்டும் உயிரில்லாமல் பிறந்தவை. மூன்றாவதும் அப்படித்தான் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. வயிற்றில் அசைவு சற்று நின்றால் வேர்த்துவிடும். அசைந்தால், இதுதான் கடைசி அசைவோ என்று பயம். பக்கத்து அறையில் என் கணவரின் தறிச் சத்தம் நின்றால்கூடத் திடுக்கிடுவேன். நீங்கள் பிள்ளையின் துடிப்பைக் கேட்டுவிட்டு என் கையை விரித்துப் பார்த்தீர்கள். உள்ளங்கையில் என் நகங்களே பதிந்திருந்தன.

"புள்ளைக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. உங்கட உடம்புதான் முழுக்க முடிச்சு விழுந்து கிடக்கு" என்றீர்கள்.

பாயை விரிக்கச் சொன்னீர்கள். வயிற்றுக்காரி மல்லாந்து படுக்கக்கூடாது என்று இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தீர்கள். "கால் பெருவிரல்ல தொடங்குங்க. இறுக்கிப் புடிங்க. இப்ப விடுங்க." கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று உங்கள் குரல் மேலே வந்தது. "பல்லக் கடிக்காதீங்க. நாக்கையும் தளர விடுங்க." நாக்கைக்கூட இறுக்கி வைத்திருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மூச்ச இழுக்கிறதவிட விடுறது நீளமா இருக்கட்டும்."

"அப்ப மனசில என்னத்த நினைக்கிற மிஸி?"

"உங்கட வாயில வாறதச் சொல்லுங்க."

மூச்சை விடும்போது அல்லாஹ் என்றேன். தலையசைத்தீர்கள்.

முதல் நாட்களில் பயம் கூடத்தான் செய்தது. வீட்டு வேலையில் மறைந்திருந்ததெல்லாம் பாயில் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. உங்களிடம் சொன்னேன். "கூடட்டும். விரலுக்குத் திரும்பி வாங்க" என்றீர்கள். மூன்றாம் கிழமை, பகல் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவள் பின்னேரம் அசர் வரை உறங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் கல்முனைச் சந்தையில் யாரோ என் மாமியிடம், கணவரின் உம்மாவிடம், இந்தப் பயிற்சியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சவாசனம். மாமி வந்து பாயைச் சுருட்டினார்.

"மையித்து மாதிரிக் கிடக்கிற வேலையாமே! ரெண்டு மையித்து எடுத்த வீட்டில இது என்னத்துக்குப் புள்ள?"

நீங்கள் வந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டார். நீங்கள் மறுக்கவில்லை. "ஓம் உம்மா, பேர் அதுதான். கேட்டாப் பயப்படுவா எண்டு சொல்லாம விட்டன். பிழை என்ட."

என் கதை முழுக்கத் தெரிந்துமா என்னை அப்படிக் கிடத்தினீர்கள்? "இனி வராதீங்க" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். அதன்பின் ஒன்பது நாள் நான் அப்படிப் படுக்கவில்லை, சரியாக உண்ணவுமில்லை.

பத்தாம் நாள் நீங்களாகவே வந்தீர்கள். துடிப்பைக் கேட்டுவிட்டுப் பையை மூடினீர்கள். நான்தான் கேட்டேன், "உங்களுக்கு இத ஆர் சொல்லித் தந்த?"

"என்ட புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருசம், மட்டக்களப்பில ஒரு சாமியார் சொல்லித் தந்தார். பேரக் கேட்டதும் நானும் எழும்பி வந்துட்டன். பிறகு நெஞ்சிடி தாங்காமத் திரும்பிப் போனன்."

கதவோரம் நின்ற மாமி கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் போனபின் அவரே பாயை விரித்தார். "படு புள்ள. அந்தப் பேர மட்டும் இந்த வீட்டில சொல்லாத."

பிள்ளை பிறந்தது ஒரு விடிகாலையில், சுபஹுக்குப் பின். தலை வந்ததும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். அப்போது நான் கண்டது உங்கள் கைகளை. அவை நடுங்கின. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது.

"மிஸி, தோள விடுங்க."

நிமிர்ந்து பார்த்தீர்கள். தோள் இறங்கியது. நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டுக் கொடியைக் கழற்றினீர்கள். பிள்ளை உடனே அழவில்லை. நீங்கள் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். மாமி ஓதிக்கொண்டே இருந்தார். பிறகு அழுதாள். அவளைத் துணியில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு, நீங்கள் நிலத்தில் உட்கார்ந்து அவளைவிடப் பலமாக அழுதீர்கள்.

"உங்களவிட எனக்குத்தான் பயம் தங்கச்சி" என்றீர்கள். அதுவரை, உங்களுக்குப் பயமே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு மாற்றலாகித் திருக்கோவில் பக்கம் போனீர்கள். போன மாசியில் அங்கே காய்ச்சல் கண்டு கண்ணை மூடினீர்களாம். எங்களுக்குச் செய்தி வர இரண்டு கிழமை.

இந்த மடலைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனேன், மிஸி. அசைவு நின்றதுபோல் இருந்தது. மாமியைக் கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. இடப்பக்கம் சரிந்து படுத்தேன். விரல், கெண்டைக்கால், முழங்கால். இடுப்பு வரை வந்ததும் மனம் தப்பிப்போயிற்று. மறுபடி விரலில் தொடங்கினேன். எத்தனை முறை என்று தெரியாது. கடைசியில் விலாவுக்குக் கீழே ஒரு உதை, நல்ல பலமாக.

பயம் போகவில்லை. போகும் என்று நீங்களும் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாளைக்கும் படுப்பேன்.