கழற்றி மாட்டும் லப்டொப்பும் கொட்டாஞ்சேனை மச்சாளும்

மச்சாள்,

காலையில் லப்டொப்பைத் துடைப்பதற்காகக் கீபோட்டைக் கழற்றினேன். மாமியின் காலுக்குப் பூசுகிற தைலம் அதன் உறையில் மணத்தது. எத்தனை தரம் துடைத்தாலும் போகாத மணம். அந்த நேரம் பார்த்து, நான் வேலை செய்யும் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியின் செய்தி வந்தது. "அக்கா, உங்களிட்ட இருக்கிற மாதிரி, திரையைக் கழற்றி டப்லெட்டாப் பாவிக்கிற சாமான் ஒண்டு மலிவாக் கிடக்கு. ஒவ்வொரு நாள் வேலைக்கும் சரிவருமோ?" அவளுக்குப் பதில் எழுத இருந்தவள் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான்.

மாமி குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு ஆகிவிட்ட நாட்களில்தான் இதை வாங்கினோம். கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணா வீடியோவில் வந்து, "அவ வேலைய விட்டிட்டு அம்மாவைப் பாக்கட்டும், செலவு என்ர பொறுப்பு" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். உங்கள் தம்பி, என்னைக் கட்டியவர், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்புறுதிக் கம்பனியில் மூன்று மொழியிலும் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும் வேலை என்னுடையது. பெரிய உத்தியோகம் இல்லை. ஆனால் அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் நான் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும். அது போகப் போகிறதென்று நினைத்துக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பைக் கழற்றும் முன்பே தொடங்கிவிட்டீர்கள்.

"விழுந்தது என்ர அம்மா. அதுக்கு நீர் ஏன் வேலைய விடவேணும்? கம்பனி வீட்டில இருந்து செய்ய விடுமெல்லோ?"

"விடுவினம் மச்சாள். ஆனா சொந்த லப்டொப் வேணும். என்னட்ட இருக்கிற காசுக்கு நல்லது ஒண்டும் வராது."

"நல்லது ஆருக்கு வேணும்? உமக்குச் சரிவாறது காணும். வெளிக்கிடும், கடைக்குப் போவம்."

கடையில் நீங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விற்பனையாளர் மேசையில் வைத்து, திரையைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றி, வித்தை காட்டினார். நீங்கள் அசையவில்லை. "மேசையில எல்லாம் வடிவாத்தான் நிக்கும். எங்கட வீட்டு மேசை முழுக்க அம்மாவின்ர மருந்தெல்லோ கிடக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி, சிங்களத்தில் உட்காரச் சொன்னீர்கள். "மல்லி, பொட்டக் வாடிவென்ன." பாவம், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மடியில் வைத்துத் தட்டச் சொன்னீர்கள். நாலு எழுத்துத் தட்டுவதற்குள் திரை பின்பக்கமாகச் சரிந்து விழப் பார்த்தது. அவர் எட்டிப் பிடித்துக்கொண்டார். கடையே சிரித்தது.

அத்தோடு விட்டீர்களா? திரையை மட்டும் ஒரு கையில் ஏந்திக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தீர்கள். கஞ்சி பருக்குவதுபோல மற்றக் கையை ஆட்டிப் பார்த்தீர்கள். ஃபோன் சார்ஜரில் ஏறுமா என்று கேட்டீர்கள். நான் தமிழில் ஒரு கடிதம் முழுவதும் அடித்து முடிக்கும் வரை விற்பனையாளரை நகர விடவில்லை. கீபோட் மெல்லிசு, நடுவில் அமுங்கியது. நாலைந்து பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் யோசித்து யோசித்துத்தான் அசைந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவு சொன்னீர்கள்:

"இது முழு லப்டொப்பும் இல்லை, முழு டப்லெட்டும் இல்லை. ஆனா கட்டிலுக்கும் குசினிக்கும் நடுவில ஓடித் திரியிற ஆளுக்கு இது காணும்."

அடுத்த ஞாயிறு தேத்தண்ணி கொடுக்கிற அகலமான தட்டு ஒன்றைக் கொண்டு வந்தீர்கள். அதை மடியில் வைத்து அதன்மேல் லப்டொப்பை வைத்தேன். திரை பிறகு சரியவே இல்லை.

நீங்கள் யோசிக்காத ஒன்றும் இருந்தது மச்சாள். கழற்றினாலும் மாட்டினாலும் திரை என்னவோ ஒன்றுதானே! நல்லூர்க் கோயில் தேர்த்திருவிழாவை மாமி அதில் நேரலையாகப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தபோது கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. "தேர் திரும்புற நேரம் பாத்தோ பிள்ளை உனக்கு மீட்டிங் வரும்?" என்று மாமி திரையை விடவே இல்லை. உங்களுக்கு ஃபோன் எடுத்து முறையிட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு, மீட்டிங் உள்ள நேரமெல்லாம் மாமிக்கு நீங்களே ஃபோன் எடுத்து ஊர்க்கதை கதைக்கத் தொடங்கினீர்கள். நீங்கள் வேலை செய்யும் பாமசியில் ஆட்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபடியே கதைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இப்படி ஒரு மச்சாள் வாய்த்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

மாமி தேறி, பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் நோயில் படுத்தீர்கள். அதை யார் எதிர்பார்த்தது? ஆஸ்பத்திரியில் பகல் முழுவதும் உங்கள் பக்கத்தில் இருக்க முடிந்தது. லீவு கேட்கவில்லை, வேலையை விடவில்லை. நீங்கள் கண்ணயர்ந்தால் கீபோட்டை மாட்டிக் கடிதம் எழுதுவேன். விழித்தால் கழற்றி வைத்துவிட்டுக் கதைப்போம்.

ஒரு நாள் நான் காதில் ஹெட்போனோடு மனேஜருக்குக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தாதி ஊசியோடு வந்து, என்னை எழும்பச் சொல்லிக் கை காட்டினார். நான் பதறி எழும்பப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, அவரிடம் மெல்லிய குரலில் சொன்னீர்கள். சிங்களத்தில் சொன்னீர்கள், தமிழில் இப்படி வரும்:

"மிஸ், ஒரு நிமிசம் பொறுங்கோ. என்ர மச்சாள் கந்தோரில இருக்கிறா."

உங்கள் போர்வையின் நுனியில் இருந்துகொண்டிருந்தேன் நான். தாதி சிரித்துவிட்டுக் காத்து நின்றார். நான் கணக்கை விளக்கி முடித்த பிறகுதான் எழும்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு இனித்தான் பதில் எழுத வேண்டும். மடியில் நிற்காது, நடுவில் அமுங்கும், வாங்கு என்று எழுதுவேன். உங்களைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இந்தக் குடும்பத்தில் என் வேலைக்காக இன்னொருவரைக் காத்திருக்கச் சொன்ன ஒரே ஆள் நீங்கள், அதுவும் உங்களுக்கு ஊசி போட வந்தவரை. இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் தம்பி தேத்தண்ணி கேட்டுக் கூப்பிட்டால், நான் எழும்புவதில்லை. "கந்தோரில இருக்கிறன்" என்கிறேன். அவரே போய் ஊற்றிக்கொண்டு வருகிறார், எனக்கும் சேர்த்து.