அடியிலிருந்து படித்த செய்திகள்

பரமத்தி வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் தனபாலுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

கையெழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளையின் கடிதம் வழி தவறி வந்துவிட்டது என்று ஓரமாகப் போட்டுவிடாதே சாமி. எழுதுவது நான்தான். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். கோடு நேராக இருக்கிறது, எழுத்துதான் ஏறி இறங்குகிறது. இரண்டு இடத்தில் அழுத்தி எழுதித் தாள் கிழிந்துவிட்டது. நேற்று மதியம் ஆரம்பித்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வரை உன் பெயரும் இந்த நாலு வரியும்தான் ஆனது. அறுபத்தேழு வயதில் முதன்முதலாக எழுதும் கடிதம். அது உனக்கு என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத இன்னும் வார்த்தை வரவில்லை.

முதலில் நலம் எழுத வேண்டும் என்று முதியோர் வகுப்பு டீச்சரம்மா அன்புச்செல்வி சொல்லிக்கொடுத்தார். இங்கு அனைவரும் நலம் என்ற வரிக்கு மட்டும் மேலே இடம் விட்டிருக்கிறேன் பார். எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. உன் அம்மாவின் கழுத்துக் கட்டி விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று தடவை கூப்பிட்டேன். போர்வெல் ரிக் ஓடும் சத்தத்தில் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை, சாயந்திரம் கூப்பிடுகிறேன் என்றாய். சாயந்திரம் நீ கூப்பிடும்போது போன் அம்மாவின் கையில் இருக்கிறது. எனக்குக் காது மந்தம் என்று சத்தமாக வைத்துத்தான் பேசுகிறோம். போனில் எழுத்துத் தட்ட எனக்கு இன்னும் வரவில்லை. அவளுக்குக் கேட்காமல் உன்னிடம் ஒன்றைச் சொல்ல இந்த வீட்டில் இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது இப்படி எனக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

மார்கழியில் பரீட்சை எழுதித் தேறினேன் அல்லவா, அன்றிலிருந்து கண் சும்மா இருப்பதில்லை. கரூர் பஸ் நிற்கும்போது முன்பெல்லாம் எங்கே போகிறது என்று யாரையாவது கேட்பேன். இப்போது யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று நிற்கிறேன். லாரியின் பின்னால் எழுதியிருப்பதை முழுதும் படிப்பதற்குள் லாரி போய்விடுகிறது, அதற்கு வருத்தமாக இருக்கிறது. உப்புப் பாக்கெட்டில் அவ்வளவு எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்து அம்மாவுக்குச் சொல்வேன். அவளையும் வகுப்புக்கு வரச் சொன்னதற்கு, "நீங்க படிச்சு எனக்குச் சொன்னாப் போதுமுங்க, ஒரு ஊட்டுக்கு ஒரு வாத்தியார் பத்தாதா?" என்றாள்.

போன வருஷம் பொங்கலுக்கு நீ வாங்கித் தந்த போனில்தான் கோளாறு ஆரம்பித்தது. நீ ஊருக்குப் போகும் முன் சொந்தக்காரர்கள் குரூப், வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் குரூப், கோயில் குரூப் என்று எல்லாவற்றிலும் என்னைச் சேர்த்துவிட்டுப் போனாய். ஒரு வருஷமாக வந்தது எல்லாம் படிக்காமல் கிடந்தது. எண் எனக்கு முன்பே தெரியும். பச்சை வட்டத்துக்குள் ஆயிரத்து எழுநூறு, தொள்ளாயிரம் என்று இருந்ததைப் பார்த்ததும் மனிதர்கள் இவ்வளவு பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள், ஒருவருக்கும் நான் காது கொடுக்கவில்லையே என்று ஆகிவிட்டது.

வெற்றிலை கிள்ளுகிறவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கொடியில் அடி இலைதான் முதலில் முற்றும், அதைக் கிள்ளிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். வரிசையில் ஒரு கொடியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவக் கூடாது. போனிலும் அப்படியே செய்தேன். அடியில் கிடப்பதுதான் பழையது என்று தெரிந்ததும் அங்கே பிடித்தேன். ஒரு குரூப்பை முடித்துவிட்டு அதற்கு மேலே உள்ளது, பிறகு அதற்கும் மேலே. ஒன்றையும் தாண்டவில்லை. யார் யாருக்கோ பிறந்த நாள் வாழ்த்துக்கூட எழுத்துக்கூட்டிப் படித்தேன். எதிரே வந்து வணக்கம் சொன்னவரைப் பார்க்காமல் போவது போல இருந்தது, தாண்டினால்.

தை மாதம் ஒரு நாள் காலையில், மேட்டூரில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டார்கள், காவிரிக் கரையில் இருப்பவர்கள் உடனே பத்திரமான இடத்துக்குப் போகவும் என்று வாசித்தேன். அப்படியே ஓடினேன். பக்கத்துத் தோட்டம் செங்கோடனைக் கூப்பிட்டு, டிராக்டர் கொண்டுவரச் சொல்லி, ஆற்றங்கரையில் இருந்த மோட்டாரைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்பு விட்டுப்போனது. ஏற்றி முடித்த பிறகுதான் செங்கோடன் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். "ஏனுங்க மாமா, ஆத்துல மணல்தான் வருதுங்க. வெள்ளம் எந்தப் பக்கமிருந்துங்க வருது?" என்றான். நான் போனைக் காட்டினேன். அது போன ஆடி மாதத்துச் செய்தி. இப்போதும் என்னைப் பார்த்தால் "மாமா, இன்னைக்கு எந்த வருசத்து மழைங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். எனக்கே சிரிப்புதான் வந்தது. ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். ஆறு என் கண் முன்னால் காய்ந்து கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எழுதியிருக்கிறதே என்று எழுத்தை நம்பினேன்.

அம்மாவின் கட்டிக்கும் அப்படித்தான் ஆனது. கழுத்துக் கட்டிக்கு ஆவாரம்பூ என்று ஒருவர் போட்டிருந்தார். மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடு என்று ஒருவர். பற்றே போடாதே, உள்ளே போய்விடும் என்று இன்னொருவர். கட்டியில் ஊசி குத்தினால் பரவும் என்று ஒன்று, ஊசி குத்திப் பார்க்காமல் இருந்தால்தான் ஆபத்து என்று ஒன்று. இரண்டின் கீழேயும் டாக்டர் என்றுதான் போட்டிருக்கிறது. இதில் நீ அனுப்பியது ஐந்து. ஒன்றை ஒன்று அடிக்கிறது, ஐந்தையும் நீதான் அனுப்பியிருக்கிறாய். இதில் எதை நீ நம்பி அனுப்பினாய் சாமி? நான் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் எழுதக் கை வரவில்லை.

தை கடைசியில் நம் பரமத்தி வேலூர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். அங்கே சத்யபிரியா என்று ஒரு நர்ஸ். நல்ல பிள்ளை. முடிவு வர ஒரு வாரம் ஆகும், போன் செய்து சொல்லட்டுமா, மெசேஜ் போட்டால் வீட்டில் படிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானே படிப்பேன் அம்மிணி, மெசேஜே போடு" என்றேன். அம்மாவும் பெருமையாக என்னைப் பார்த்தாள். படிக்கத் தெரியாத பழைய ஆளாக இருந்திருந்தால் எட்டாம் நாள் பஸ் ஏறிப் போய் நேரில் கேட்டிருப்பேன். படித்தவன் அல்லவா, வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். முடிவு என்ன ஆச்சு என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் இன்னும் வரவில்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. வந்தது எனக்குத் தெரியாது. அது மேலே கிடந்தது. நான் கீழே இருந்து வந்துகொண்டிருந்தேன்.

நடுவில் தெரியாத நம்பரிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. தெரியாத நம்பரை எடுத்தால் பேங்க் பணம் போய்விடும் என்று மூன்று குரூப்பில் படித்திருந்தேன். இரண்டு தடவையும் நானே கட் செய்தேன். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோரும் வருவதற்கு முன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்கய்யா, தீபாவளி போயி நாலு மாசமாச்சுங்களே, இப்பத்தான் பலகாரம் சாப்பிடறீங்களா?" என்று சிரித்தார். நான் என் முறையைச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை படிப்பீர்கள் என்று கேட்டார். நாற்பது என்றேன். எத்தனை வருகிறது என்று அவரே பார்த்தார். நூற்றுக்கு மேல். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த முறையில் படித்தால் இன்றைக்கு வந்ததை நான் என்றைக்கும் படிக்கப் போவதில்லையாம். போகப் போகப் பின்னால்தான் போவேனாம். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. தினமும் வேலை செய்கிறவன் எப்படிப் பின்னால் போவான்?

பிறகு அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. "இதை நீங்களே படிங்கய்யா" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முதல் செய்தி இது. எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: “வசந்தாமணி அவர்களின் பரிசோதனை முடிவு வந்துள்ளது. டாக்டர் நேரில் பேச வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவருடன் உடனே வரவும்.” நான்கு நாள் கழித்து, “ஐயா, இன்னும் வரவில்லையே” என்று ஒன்று. அதற்கும் பிறகு, “போன் எடுக்கவும். தாமதிக்க வேண்டாம்” என்று ஒன்று. முதல் செய்தி வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

பதினொரு தடவை படித்துவிட்டேன். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. எல்லா எழுத்தும் தெரிகிறது, என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை. நல்ல முடிவு என்றால் நல்லது என்று எழுதிவிடலாம்தானே? இல்லை, எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவார்களா? உறவினர் ஒருவர் என்றால் நான் போதுமா, இல்லை வேறு ஆள் வேண்டும் என்கிறார்களா? நான் அவளுக்குக் கணவன், என்னையும் சேர்த்துத்தான் யாரோ ஒருவர் தாங்க வேண்டியிருக்குமோ? டீச்சரம்மாவிடம் கேட்டேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். சத்யபிரியா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெரிய டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாராம். அன்றைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க, பயப்படாதீங்கய்யா என்றது. நான் பயம் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, அது ஏன் அப்படிச் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல, "இன்னைக்கு என்னங்க போட்டிருக்குது, படிங்க கேக்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் கையில் இருந்தது. அந்தச் செய்திதான் திறந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, உங்கள் இல்லத்தில் தீப ஒளி பெருகட்டும் என்று வாசித்தேன். படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு இல்லாத எழுத்தைப் படித்தது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, தீபாவளி வாழ்த்துக்கு எதுக்குங்க மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள். கண்ணில் தூசி என்றேன். சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு மாதமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டி பெரிதாகியிருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை தனபால்.

குரூப்புகளை எல்லாம் விட்டு வெளியே வந்துவிடுங்கள் என்று டீச்சரம்மா சொல்கிறார். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்றேன். சத்தம் வராமல் மட்டும் செய்து தந்தார். இப்போது போன் சத்தம் கொடுப்பது இரண்டு பெயருக்குத்தான், உன்னுடையதுக்கும் சத்யபிரியாவுடையதுக்கும். வீடு நிசப்தமாக இருக்கிறது. அந்த நிசப்தத்தில் எதையோ படிக்காமல் விடுகிறேனோ என்று இன்னும் கை அரிக்கிறது. நீயும் வேறு யாரோ எழுதியதை இனி அனுப்பாதே. அம்மாவுக்கு என்று நீ ஒரு வரி எழுது. வாசித்துக் காட்ட எனக்கு உண்மையான எழுத்து ஒன்று வேண்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை போய் வந்திருப்போம். போனில் அம்மாவிடம் எதுவும் கேட்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். நான் போனில் நல்லாயிருக்கிறோம் என்றுதான் சொல்வேன், அதை நம்ப வேண்டாம். உன் முதலாளியிடம் லீவு கேள் என்று நான் எழுதவில்லை. ஜபல்பூரிலிருந்து சேலத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள். குழாய் இறக்கும்போது கையைப் பார்த்துக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். நல்ல சேதி என்றால் எனக்கு எழுத நிறைய இருக்கும், பக்கம் பக்கமாக எழுதுவேன், நீ உட்கார்ந்து நிதானமாகப் படி. கடிதம் சின்னதாக இருந்தால் படித்து முடிக்க நிற்காதே சாமி, புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. சென்னியப்பன்